நாற்பத்தோராவது கட்டுரை

கதவைத் திறந்ததும், நர்ஸ் உடையில் நின்றிருந்த பெண் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“என் தங்கச்சியைப் பொய்க்காரின்னு எழுதிக் குடுத்தது யாரு?”

கதவைத் திறந்தவன் பெடல், அந்தத் துப்பறியும் அலுவலகத்தின் உதவியாளன். வழக்கமாக இப்படி யாராவது சண்டைக்கு வந்தால், ‘பொய்க்காரங்க கூட்டம் ஜாஸ்திங்க, எந்தத் தங்கச்சின்னு அடையாளம் சொல்லுங்க’ என்று எதையாவது அவிழ்த்துவிட்டு, வந்தவரைச் சிரிக்க வைத்துத்தான் உள்ளே அனுப்புவான். இன்றைக்குத் தாழ்ப்பாளைத் தடவிக்கொண்டு நின்றான்.

“உள்ள வரச் சொல்லு பெடல்” என்று அறைக்குள்ளிருந்து வக்கீலம்மாவின் குரல் வந்தது.

வக்கீலம்மா வக்கீலுக்குப் படித்தவர்தான். ஆனால் ஒரு நாள்கூடக் கோர்ட்டில் வாதாடியதில்லை. வாதாடி நேரத்தை வீணாக்குவதைவிட உண்மையைக் கண்டுபிடித்துவிடலாமே என்று துப்பறிய வந்தவர். தொழில் மாறினாலும் பெயர் மாறவில்லை. பெடலின் பெயருக்கும் காரணம் உண்டு. உலகத்தின் எந்த மூலையில் சைக்கிள் பந்தயம் நடந்தாலும் அவனுக்கு அத்துப்படி. எந்த வருஷம், எந்த மலை, யார் முதலில் ஏறினார் என்று தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். சொந்தமாகச் சைக்கிள் மட்டும் கிடையாது. நாற்பதை நெருங்கும் வயதில் தொப்பை ஹேண்டில்பாரில் இடிக்கிறது என்று ஸ்கூட்டருக்கு மாறிவிட்டான்.

“எழுதிக் குடுத்தது நான்தான். உட்காருங்கம்மா” என்றார் வக்கீலம்மா.

“உட்கார வரலை மேடம். டூட்டியை இன்னொருத்தி தலையில கட்டிட்டு வந்திருக்கேன். இன்னிக்கு நாலு மணிக்குக் கமிட்டி. உங்க ரிப்போர்ட்டை வச்சுத்தான் முடிவு. அவ ஆராய்ச்சியைத் தூக்கிக் கடாசிட்டு, இனிமே எங்கயும் படிக்க முடியாதபடி பண்ணப் போறாங்களாம். அவ சோறு தண்ணி இல்லாமக் கிடக்கறா.”

விஷயம் இதுதான். பழைய கட்டடங்களின் சுவரில் ஈரம் எப்படி ஏறுகிறது என்று அந்தத் தங்கை ஆராய்ச்சி செய்திருந்தாள். ஆராய்ச்சி நூலின் கடைசியில், தான் படித்த கட்டுரைகளையெல்லாம் வரிசையாகக் கொடுத்திருந்தாள். அவை நிஜமாகவே உலகத்தில் இருக்கின்றனவா என்று சரிபார்க்கும் வேலையைப் பல்கலைக்கழகம் வக்கீலம்மாவிடம் ஒப்படைத்திருந்தது. எல்லாம் இருந்தன, நாற்பத்தோராவதைத் தவிர. அப்படி ஒரு கட்டுரையே கிடையாது என்று ரிப்போர்ட் போயிற்று. அவள் ஆராய்ச்சியின் மூன்றாவது அத்தியாயம் முழுக்க அந்த ஒரு கட்டுரையின் தோளில்தான் நின்றுகொண்டிருந்தது.

“ஒரு கட்டுரையை இல்லைன்னு எழுதறதுக்கு முன்னால நாங்க மூணு வழியில பார்ப்போம்மா” என்றார் வக்கீலம்மா பொறுமையாக. “லிங்க்கை அழுத்திப் பார்ப்போம். தலைப்பைத் தேடிப் பார்ப்போம். ரெண்டும் தோத்தா, ஆராய்ச்சி செஞ்சவங்களையே கூப்பிட்டு, உங்ககிட்ட நகல் இருக்கான்னு கேப்போம். மூணையும் செஞ்சது இவன். இவன் வாய்தான் கோணல், வேலை சுத்தம். என்ன பெடல்?”

“ஆமா மேடம்.”

சொல்லிவிட்டான். 

அவன் செய்தது இரண்டு வழிதான். லிங்க்கை அழுத்தினான், பக்கம் இல்லை என்று வந்தது. தலைப்பைத் தேடினான், ஒன்றும் வரவில்லை. மூன்றாவதாக அந்தப் பெண்ணின் எண் கண் முன்னால் இருந்தது. அன்றைக்கு மலைப் பந்தயத்தின் கடைசிச் சுற்று. கைபேசியைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்திருந்தான். வண்டிகள் பனிமூட்டத்துக்குள் ஏறிக்கொண்டிருந்தன. இந்த நேரத்தில் யாராவது போன் போட்டு, அழுகையையும் விளக்கத்தையும் கேட்டுக்கொண்டிருப்பார்களா? ‘கேட்டோம், பதில் இல்லை’ என்று தட்டிவிட்டு, மலைக்குத் திரும்பினான். வக்கீலம்மா படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

இப்போது வக்கீலம்மா ஆராய்ச்சி நூலின் கடைசிப் பக்கத்தைத் திறந்தார்.

“நீங்க வராம இருந்தாலும் நானே இதை இன்னொரு தடவை எடுத்திருப்பேன். தலைப்பு என்னை உறுத்திக்கிட்டே இருக்கு. கேளு பெடல். ‘ஈரச் சுவர்கள் மூச்சு விடுதலின் மேல் ஏழு குளிர்காலங்களின் பார்வை போடுதல்.’”

“ஆராய்ச்சிக் கட்டுரைன்னா அப்படித்தான் மேடம் இருக்கும். புரிஞ்சுட்டா மரியாதை போயிடும்ல.”

“பொய் சொல்றவங்க அழகாச் சொல்வாங்கடா. கற்பனையில ஒரு தலைப்பு வைக்கறவ, வாயில நுழையற மாதிரி வைப்பா. இது பொய் சொல்லவே தெரியாத தலைப்பு.” அவர் கைப்பையை எடுத்தார். “ஸ்கூட்டரை எடு. அம்மா, நீங்க முன்னால போங்க, நாங்க பின்னாலயே வர்றோம்.”

பெடல் கையில் வைத்திருந்த ஸ்கூட்டர் சாவியையே மேஜை முழுக்கத் தேடினான்.

*

அக்காவும் தங்கையும் இருந்தது மாடியில் ஒரே அறை. கட்டிலுக்குமேல் ஒரு கயிறு. அதில் இன்னொரு நர்ஸ் உடை காய்ந்துகொண்டிருந்தது. மூலையில் ஆராய்ச்சி நூலின் பிரதிகள் முதுகைக் காட்டியபடி அடுக்கியிருந்தன. தங்கை தலைகூட வாராமல் லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே மை தீட்டியதுபோல் கறுத்திருந்தது.

“இவங்கதான் ரிப்போர்ட் எழுதினவங்க” என்றாள் அக்கா, கடுகடுப்பாக. “இவரு அசிஸ்டெண்ட். உன்கிட்டக் கேட்டாராம், நீ பதிலே சொல்லலையாம்.”

பெடல் வாசல் பக்கம் ஓர் அடி நகர்ந்தான். அவ்வளவுதான், முடிந்தது. ‘என்கிட்ட யாருமே கேக்கலையே’ என்று இந்தப் பெண் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அவள் பெடலை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு கைகூப்பினாள்.

“மன்னிச்சிடுங்க சார். எழுதி முடிச்ச களைப்புல நான் போனை அணைச்சுப் போட்டுட்டுத் தூங்கிட்டே இருந்தேன். நீங்க எத்தனை தடவை கூப்பிட்டீங்களோ. நான் மட்டும் எடுத்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதுல்ல?”

அவளுடைய தலைக்குப் பின்னால் சுவரில் ஓர் ஈரத் திட்டு இருந்தது. பெடல் அதையே பார்த்தான். அந்தத் திட்டு எந்த ஊர் வரைபடம் மாதிரி இருக்கிறது என்று யோசித்தான். எதைப் பற்றியாவது யோசிக்க வேண்டியிருந்தது.

“பரவால்லம்மா” என்றான். அந்த வார்த்தைக்காகத் தன்னையே ஓங்கி அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

வக்கீலம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “இந்தக் கட்டுரை உன் கைக்கு எப்படி வந்தது? ஒண்ணும் தெரியாத ஆளுக்குச் சொல்ற மாதிரி சொல்லு.”

“பிரவுசர்ல கட்டுரையைத் திறப்பேன் மேடம். மேல ஓரத்துல ஒரு குட்டிப் பொத்தான் இருக்கும். அழுத்தினா, தலைப்பு, எழுதினவர், வருஷம் எல்லாத்தையும் அதுவே எடுத்து இந்த சாஃப்ட்வேருக்குள்ள போட்டுடும். பக்கத்தோட நகலையும் சேர்த்து வச்சுக்கும். கடைசியில ‘பட்டியல் போடு’ன்னா, எல்லாத்தையும் வரிசையாப் போட்டுக் குடுத்துடும். நான் ஒரு எழுத்துக்கூட டைப் அடிக்கல.”

“அப்ப இந்தக் கோணல் தலைப்பை நீ வைக்கல.”

“இல்ல மேடம். பொத்தான் என்ன எடுத்துச்சோ அதுதான். எனக்கும் படிக்கும்போது கஷ்டமாத்தான் இருந்தது. எழுதினவருக்கு எழுத வராது போலன்னு நினைச்சேன். எங்க துறையில நிறையப் பேருக்கு வராது.”

பெடல் தன்னையறியாமல் சிரித்தான். உடனே சிரிப்பை விழுங்கினான்.

“நகல்னு சொன்னியே, அதைக் காட்டு.”

அவள் நாற்பத்தோராவது வரியைத் தட்டினாள். அதன்கீழ் சின்னதாக ஒரு காகிதப் படம், வெளிறிப்போய் இருந்தது. அதைத் தட்டினாள். ‘கோப்பு இங்கே இல்லை’ என்று ஒரு கட்டம் வந்து நின்றது.

“இதைத்தான் கமிட்டியிலயும் பார்த்தாங்க. இருந்தாத்தானே திறக்கும்னு சிரிச்சாங்க. லிங்க்கும் திறக்கல. தலைப்பைத் தேடினாலும் வரல. இப்ப எனக்கே பயமா இருக்கு மேடம். கனவுல படிச்சிட்டு எழுதிட்டேனோன்னு.”

“மத்த நகலெல்லாம் திறக்குதா?”

“பழசு எல்லாம் திறக்குது. கடைசியா எடுத்த சிலது திறக்கல.”

“பழசுக்கும் புதுசுக்கும் நடுவுல என்ன ஆச்சு?” வக்கீலம்மா திரையின் மேல் மூலையைக் காட்டினார். அங்கே ஒரு மஞ்சள் முக்கோணம் மினுங்கிக்கொண்டிருந்தது. “இது என்ன?”

“அது எப்பவும் வரும் மேடம். இடம் நிரம்பிடுச்சும்பாங்க. நான் மூடிடுவேன்.”

“என் பொண்டாட்டி பேசும்போது நான் பண்ற மாதிரி” என்றான் பெடல், வாய் சும்மா இருக்காமல்.

வக்கீலம்மா அந்த முக்கோணத்தை அழுத்திப் படித்தார். அவர் உதடு மெல்ல வளைந்தது. “நகலைச் சேர்த்து வைக்க இணையத்துல உனக்குன்னு குடுத்த இடம் எப்பவோ நிரம்பிப் போச்சு. அதுக்கப்புறம் தலைப்பும் பேரும் மட்டும்தான் எல்லா கம்ப்யூட்டருக்கும் போகுது. அதுக்கு இடம் வேண்டாம். நகல் எந்தக் கம்ப்யூட்டர்ல பொத்தானை அழுத்தினியோ, அங்கயே தங்கிடுது. இந்த லேப்டாப்புல நீ அழுத்தல. எங்க அழுத்தினே?”

அந்தப் பெண் மெதுவாக நிமிர்ந்தாள். பல நாளாக மூடியிருந்த ஜன்னலைத் திறந்ததுபோல் முகம் மாறியது.

“லேப்டாப்பை ரிப்பேருக்குக் குடுத்திருந்தேன். துறை லேப்ல, ஜன்னலோரக் கம்ப்யூட்டர்ல உட்கார்ந்தேன் மேடம். ஆனா குற்றம் சாட்டின அன்னிக்கே என்னை லேப்புக்குள்ள விட வேண்டாம்னு சொல்லிட்டாங்க.”

“எங்களை விடுவாங்க” என்று வக்கீலம்மா எழுந்தார். “முகம் கழுவிட்டு வாம்மா. நீ வெளியில இருந்தாப் போதும்.”

*

கட்டடக் கலைத் துறையின் நீண்ட தாழ்வாரத்தில் ஒரு பக்கம் லேப், மறு கோடியில் கமிட்டி அறை. கமிட்டி அறை வாசலில் ஒரு மர பெஞ்ச். தங்கை அதில் போய் உட்கார்ந்தாள். அக்கா டூட்டியை முடித்துவிட்டு ஓடி வருவதாகச் சொல்லிப் போயிருந்தாள்.

லேப் பொறுப்பாளர் சாவிக்கொத்தோடு வந்தார். வக்கீலம்மாவைப் பார்த்ததும் சிரித்தார்.

“மேடம், புரொஜெக்டர் காணாமப் போனப்போ வந்தவங்கதானே? சாரும் வந்திருந்தாரு.”

“அன்னிக்கு மேடம் விசாரிச்சாங்க. நான் ஜன்னலோரமா உட்கார்ந்து காத்து வாங்கினேன்” என்றான் பெடல்.

ஜன்னலோரக் கம்ப்யூட்டரின் கீபோர்டு தேய்ந்து போயிருந்தது. எல்லாரும் மாறி மாறி உட்காரும் பொதுக் கம்ப்யூட்டர் அது. பெஞ்சிலிருந்தபடியே அந்தப் பெண் சொல்லி அனுப்பிய கடவுச்சொல்லைப் பெடல் தட்டினான். அவளுடைய நூலகம் திறந்தது. நாற்பத்தோராவது வரி. அதன்கீழ் அதே காகிதப் படம். ஆனால் இங்கே வெளிறவில்லை, பளிச்சென்று இருந்தது.

பெடல் அழுத்தினான். ஒரு முழுப் பக்கம் விரிந்தது.

தலைப்பு இருந்தது. எழுதியவர் பெயர் இருந்தது. ஏழு குளிர்காலம் ஒரு சுவரைக் காவல் காத்த ஒருவரின் கட்டுரை, கல்லும் முள்ளுமான வாக்கியங்களில், முழுதாக இருந்தது.

“இருக்கு மேடம்!” என்று கத்தினான் பெடல். “கனவு இல்ல, கட்டுரை இருக்கு!”

“கத்தாதே. நகல் இருக்குன்னா கட்டுரை இருக்குன்னு ஆயிடாது. அவளே ஒரு பக்கத்தைச் செஞ்சு வச்சுக்கிட்டான்னு சொல்வாங்க. மூலம் எங்க? நல்லாப் பாரு. இந்தப் பக்கத்துல எது ஒட்டாம நிக்குது?”

பெடல் பக்கத்தை மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போனான். வாக்கியம், வாக்கியம், வாக்கியம். நடுவில் ஒரு வரைபடம். சுவரின் படம், அதில் ஈரம் ஏறிய உயரத்துக்குக் கோடுகள். கோடுகளின் பக்கத்தில் சின்னச் சின்ன எழுத்துகள்.

அந்த எழுத்துகளைப் பார்த்ததும் அவன் கை நின்றது. தலைமேல் இரண்டு புள்ளி வைத்த எழுத்து. வயிற்றில் கோடு குத்திய எழுத்து. அவனுக்கு அவை பழக்கமானவை. மலைப் பந்தய வீரர்களின் முதுகில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறான்.

“மேடம், பக்கம் பூரா நம்ம பாஷை. படத்துக்குள்ள மட்டும் வேற பாஷை. இது மலைப் பந்தயம் நடக்கற அந்த மலைநாட்டு எழுத்து. சத்தியமா. எனக்கு அந்த ஊர்ப் பந்தயக்காரங்க பேரெல்லாம் தெரியும்.”

வக்கீலம்மா கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு குனிந்தார்.  பிறகு தொடையைத் தட்டிச் சிரித்தார்.

“பிரவுசர் மொழிபெயர்த்திருக்குடா! எழுத்தை எல்லாம் நம்ம பாஷைக்கு மாத்திடுச்சு. படத்துக்குள்ள இருக்கற எழுத்து அதுக்குப் படம்தான், அதனால தொடல. பொத்தான் பாவம், கண்ணுக்குத் தெரிஞ்சதை அப்படியே அள்ளிக்கிட்டுப் போயிடுச்சு. உலகத்துல இல்லாத தலைப்பு எப்படிப் பிறந்ததுன்னு இப்பப் புரியுதா?”

“பத்திரிகை பேரும் படமாத்தான் இருக்கு மேடம், உச்சியில” என்றான் பெடல். அவன் விரல்கள் பரபரத்தன. அந்த எழுத்துகளைத் தட்டுவது அவனுக்குக் கை வந்த கலை. பத்திரிகையின் பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினான். அந்தப் பத்திரிகை வேறு முகவரிக்குக் குடிபோயிருந்தது. பழைய லிங்க் செத்ததும் அதனால்தான். புதிய வீட்டில் பழைய இதழ்களைத் தேடி, பக்கம் பக்கமாகப் புரட்டி, ஒன்றில் நின்றான்.

அதே சுவர். அதே கோடுகள். அதே எழுத்துகள்.

“பிடிச்சுட்டேன்!”

“சபாஷ்டா” என்று வக்கீலம்மா அவன் தோளில் தட்டினார். “உன் சைக்கிள் பைத்தியத்துக்கு இன்னிக்குத்தான் ஒரு பலன். அதை அச்செடு. நான் தலைவர்கிட்டப் பேசறேன்.”

மூன்று வாரமாக மார்பில் கிடந்த கல் உருண்டு விழுந்தது போலிருந்தது பெடலுக்கு. போன் போடாமல் விட்டதை யாரிடமும் சொல்ல வேண்டியதே இல்லை. நாமே கெடுத்தோம், நாமே சரிசெய்துவிட்டோம். கணக்கு நேராகிவிட்டது. பிரிண்டரிலிருந்து வந்த தாள்கள் சூடாக இருந்தன. அவற்றைத் தட்டிச் சமமாக்கினான். அந்தப் பெண்ணிடம் கொண்டுபோய்க் கொடுக்கும்போது சொல்ல ஒரு நல்ல ஜோக்கைக்கூட யோசிக்க ஆரம்பித்துவிட்டான்.

வக்கீலம்மா கைபேசியை ஜன்னல் விளிம்பில் வைத்து, ஸ்பீக்கரில் போட்டிருந்தார். கமிட்டித் தலைவரின் குரல் நிதானமாக வந்தது.

“கட்டுரை இருக்கறது சந்தோஷம்தான் மேடம். ஆனா விஷயம் இன்னும் மோசமாயிடுச்சே. தெரியாத மொழிக் கட்டுரையை மெஷினை வச்சு மாத்திப் படிச்சிட்டு, நேரடியாப் படிச்ச மாதிரி காட்டியிருக்கா. அதை எங்கயும் சொல்லல. இதுவும் மோசடிதான்.”

“அவளுக்கே தெரியாதுங்க. அவ கண்ணுக்கு அது நம்ம பாஷையிலதான் வந்திருக்கு.”

“தானா எப்படி வரும்? யாராவது ஆன் பண்ணினாத்தானே வரும்? அவ பண்ணலேன்னா யார் பண்ணினது? காட்டுங்க. காட்டினா விட்டுடறோம்.”

“காட்டறேன்” என்றார் வக்கீலம்மா. அவர் சொன்ன வேகத்திலேயே, காட்ட அவரிடம் ஒன்றும் இல்லை என்று பெடலுக்குத் தெரிந்தது. “பெடல், பிரவுசர் செட்டிங்ஸைத் திற. மொழிபெயர்ப்புன்னு ஒரு இடம் இருக்கும்.”

பெடல் திறந்தான். ‘எப்போதும் மொழிபெயர்க்க வேண்டிய மொழிகள்’ என்று இருந்தது. அதன்கீழ் ஒரே ஒரு மொழி.

மலைநாட்டு மொழி.

அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது.

புரொஜெக்டர் காணாமல் போன அன்று. வக்கீலம்மா உள்ளறையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்துக்கொண்டிருந்தார். அவனுக்கு வேலையில்லை. இதே நாற்காலி. இதே ஜன்னல். போன வருஷத்து மலைப் பந்தயம் நடந்துகொண்டிருந்த நேரம். அந்த நாட்டுப் பத்திரிகையில்தான் முதலில் செய்தி வரும். திறந்தான். ஒன்றும் புரியவில்லை. மேலே ஒரு சின்னக் கட்டம் முளைத்துக் கேட்டது: இந்த மொழியை எப்போதும் மொழிபெயர்க்கவா? எத்தனை மரியாதையாகக் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டு, ஆமாம் என்று அழுத்தினான். செய்தியைப் படித்தான். எழுந்து போய்விட்டான்.

பிரவுசர் எழுந்து போகவில்லை. அடுத்து வந்து உட்கார்ந்த எல்லாருக்கும் அந்த மொழியை அது ஒரு வார்த்தை சொல்லாமல் மாற்றிக்கொண்டே இருந்தது. அப்படி வந்து உட்கார்ந்தவர்களில் ஒருத்தி, ஈரச் சுவரைப் பற்றித் தேடிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பேய்த் தலைப்பைச் செய்து வைத்ததும் அவன்தான். அது பேய் என்று எழுதிக் கொடுத்ததும் அவன்தான்.

மொழியின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பெருக்கல் குறி. அதை அழுத்தினால் அந்த வரி மறைந்துவிடும். வக்கீலம்மா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார். பொறுப்பாளர் சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தார். பெடலின் சுட்டுவிரல் மவுஸின் மேலேயே இருந்தது. அம்புக்குறி நகர்ந்து, அந்தக் குறியின்மேல் போய் நின்றது.

அழுத்தினால் இங்கே ஒன்றுமே இல்லை. அவள் சொன்னதற்குச் சாட்சியும் இல்லை. தாழ்வாரத்தின் கோடியில் அந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது கதவுவழியாகத் தெரிந்தது. முகம் கழுவி, தலை வாரி வந்திருந்தாள். இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்திருந்தாள்.

பெடல் மவுஸிலிருந்து கையை எடுத்தான். எடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

“மேடம். காட்ட வேண்டிய ஆள் இங்கதான் இருக்கான்.”

“ஜோக்குக்கு நேரமில்ல பெடல்.”

“ஜோக் இல்ல மேடம்.”

வக்கீலம்மா திரும்பினார். ‘அப்புறம் கூப்பிடறேன்’ என்று போனை அணைத்தார்.

அவன் சொன்னான். புரொஜெக்டர் நாளைச் சொன்னான், கட்டத்தைச் சொன்னான். சொல்ல ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. “இன்னொண்ணும் இருக்கு மேடம். நான் மூணு வழியில பார்க்கல. அந்தப் பொண்ணுக்குப் போனே போடல. பந்தயம் ஓடிக்கிட்டிருந்தது.”

அவர் திட்டுவார் என்று காத்திருந்தான். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

“காலையில அவ உன்னைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டாளே. அப்ப நீ என்ன பண்ணிட்டிருந்தே?”

“சுவத்தைப் பார்த்துட்டிருந்தேன்.”

“சுவத்துல என்ன இருந்தது?”

“ஈரம் மேடம்.”

பொறுப்பாளர் சாவிக்கொத்தைச் சுழற்றுவதை நிறுத்திவிட்டு, தனக்கு வெளியே ஏதோ வேலை இருப்பதுபோல் நழுவினார்.

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பால் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

“ரிப்போர்ட்ல கையெழுத்து யாரோடது?”

“உங்களோடது.”

“நகல் கேட்டியான்னு ஒரு வார்த்தை அவளுக்கே போன் போட்டு நான் கேட்டிருக்கலாம். கேக்கல. உன்னை நம்பறது எனக்குச் சுலபமா இருந்தது.” எழுந்தார். திரையில் அந்த ஒற்றை மொழி இன்னும் அப்படியே இருந்தது. கைபேசியில் அதைப் படம் எடுத்துக்கொண்டார். “நான் முதல்ல உள்ள போய் என் பங்கைச் சொல்றேன். கூப்பிடும்போது நீ வா. அதுக்கு முன்னால கமிட்டிக்கிட்டச் சொல்லப் போறதை அவகிட்டச் சொல்லிடு. அவதான் முதல்ல கேக்கணும்.”

*

தாழ்வாரம் வரும்போது இருந்ததைவிட நீளமாக இருந்தது. வக்கீலம்மா பெஞ்சைத் தாண்டும்போது, அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டுவிட்டு, அச்செடுத்த தாள்களை அவள் மடியில் வைத்துவிட்டு, கமிட்டி அறைக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது.

அவள் மேல் தாளிலிருந்த சுவரைப் பார்த்தாள். விரலால் கோட்டைத் தொட்டாள்.

“இதுதான் சார். இதேதான். நான் கனவு காணல” என்று நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது, முகம் சிரித்தது. “லேப் சார் சொன்னாரு, நீங்கதான் கண்டுபிடிச்சீங்களாமே? ரொம்ப…”

“இரும்மா” என்றான் பெடல் அவசரமாக. அவள் நன்றி என்ற வார்த்தையைச் சொல்லிவிட்டால் அப்புறம் தன்னால் பேச முடியாது என்று தோன்றியது. “முழுசாக் கேட்டுட்டு அப்புறம் சொல்லு.”

அவள் முன்னால் நின்றபடியே சொன்னான். ஜோக் ஒன்றும் வரவில்லை, தேடவும் இல்லை. ஜன்னலோரக் கம்ப்யூட்டரில் அழுத்தியதைச் சொன்னான். போடாத போனைச் சொன்னான். ஏன் போடவில்லை என்பதையும், மலையையும், பனிமூட்டத்தையும், தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்த கைபேசியையும் விடாமல் சொன்னான்.

அவள் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. கோபம் வரும் என்று பார்த்தான். அழுகை வரும் என்று பார்த்தான். அவள் தாள்களை மடியில் நேராக்கி வைத்தாள். பிறகு பெஞ்சில் சற்று நகர்ந்து இடம் விட்டாள்.

அவன் உட்கார்ந்தான். இரண்டு பேரும் சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே வக்கீலம்மாவின் குரல் ஏறாமல் இறங்காமல் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

“அன்னிக்கு யாரு ஜெயிச்சாங்க?” என்று கேட்டாள் அவள்.

“என்னம்மா?”

“அந்தப் பந்தயத்துல. யாரு ஜெயிச்சாங்க?”

பெடல் வாயைத் திறந்தான். மலை வந்தது. பனி வந்தது. சாலையின் இரு பக்கமும் கத்திக்கொண்டிருந்த கூட்டம் வந்தது. கடைசி வளைவில் முதலாவதாக வந்த வண்டிகூட வந்தது. ஆனால் அதில் குனிந்திருந்த ஆளின் பெயர் வரவில்லை. எத்தனை தேடியும் வரவில்லை.

கதவு திறந்து உள்ளே கூப்பிட்டார்கள். அவள் தாள்களை எடுத்துக்கொண்டு எழப் போனாள்.

“நீ இரும்மா” என்று பெடல் முதலில் எழுந்தான்.